சர்வர் டிஸ்க்கை அறை அறையாகப் பிரிப்பது ஏன் முக்கியம்? புனே வங்கி முதல் டொயோட்டா ஆலை வரை

புனேயின் பாணேர் பகுதியில் ஐடி வேலை பார்க்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உங்க சர்வர்ல டிஸ்க்கை எப்படிப் பிரிச்சிருக்கீங்க?"

"இன்ஸ்டால் பண்ணும்போது என்ன வந்துச்சோ, அதுதான்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கிளவுடில் இரண்டு நிமிடத்தில் சர்வர் எழுப்பும் காலம் இது. டிஸ்க்கை யார் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்?

ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு பிரச்னை இருக்கிறது. இயங்குதளம், செயலி, பயனர்கள் ஏற்றும் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், தாக்குதல் நடந்தால் தடயமாக நிற்க வேண்டிய லாக் பதிவுகள் என எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. ஒன்று கெட்டால் எல்லாம் கெடும்.

இந்தியாவில் லாக் பதிவுகளை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று விதிகள் வந்துவிட்ட நிலையில், இது சிஸ்டம் அட்மின் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமாக இல்லை. அது ஏன் என்று பார்ப்போம்.

புனேயில் 2018-ல் நடந்தது என்ன?

பாணேரிலிருந்து பல்கலைக்கழகச் சந்திப்பு வழியாக நகருக்குள் போனால் கணேஷ்கிண்ட் சாலை வரும். 1906-ல் தொடங்கப்பட்ட காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் தலைமையகம் அங்குதான் இருக்கிறது.

2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. இந்தியாவிலும் 28 வெளிநாடுகளிலும் உள்ள ஏடிஎம்களில், இந்த வங்கியின் வாடிக்கையாளர் அட்டைகளைப் போலச் செய்த போலி டெபிட் அட்டைகளைச் செருகிப் பலர் பணம் எடுத்தார்கள். வெளிநாடுகளில் சுமார் 12,000 பரிவர்த்தனைகள் மூலம் 78 கோடி ரூபாய். இந்தியாவுக்குள் சுமார் 2,800 பரிவர்த்தனைகள் மூலம் 2.5 கோடி ரூபாய்.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்கில் உள்ள ஒரு கணக்குக்கு மேலும் 13.92 கோடி ரூபாய் போனது. மொத்த இழப்பு 94.42 கோடி ரூபாய்.

எப்படி முடிந்தது? நாம் ஏடிஎம்மில் அட்டையைச் செருகும்போது, அந்தக் கோரிக்கை 'ஸ்விட்ச்' எனப்படும் சர்வருக்குப் போகும். ஸ்விட்ச் அதை வங்கியின் மையக் கணினி அமைப்பிடம் அனுப்பி, "இந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா?" என்று கேட்கும். பதில் வந்த பிறகே ஏடிஎம் நோட்டை எண்ணும்.

காஸ்மாஸில் இந்தப் பாதைக்கு நடுவே தாக்குதல்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். போலி அட்டைகளிலிருந்து வந்த கோரிக்கைகள் மையக் கணினியைச் சென்று சேரவே இல்லை. "பணம் கொடுக்கலாம்" என்ற பதிலை அவர்கள் வைத்த போலி ஸ்விட்சே சொன்னது.

2019-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் நிபுணர் குழு இந்தத் தாக்குதலை வடகொரியாவோடு தொடர்புபடுத்தியது. ஏடிஎம்களில் பணம் எடுத்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக 11 பேரை 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் தண்டித்தது. சிக்கியவர்கள் அடிமட்டத்தில் இருந்தவர்கள்தான்.

சரி, இதற்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்?

டிஸ்க்கைப் பிரித்து வைத்திருந்தால் காஸ்மாஸ் தப்பித்திருக்கும் என்று சொல்வது தவறு. இந்த வகைத் தாக்குதலுக்கு அமெரிக்க இணையப் பாதுகாப்பு அதிகாரிகள் 'ஃபாஸ்ட்கேஷ்' என்று பெயர் வைத்து, 2018 அக்டோபரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட ஸ்விட்ச் சர்வர்களில், நிறுவனத்தின் ஆதரவுக் காலம் முடிந்துபோன பழைய ஏஐஎக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது என்று அதில் சொன்னார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே தீங்கான குறியீட்டைச் செலுத்தியிருந்தார்கள். அந்த அளவுக்கு அதிகாரம் கையில் வந்த பிறகு, டிஸ்க் பிரிப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது.

2024 அக்டோபரில், இதே தீநிரலின் லினக்ஸ் வடிவத்தை ஓர் ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டார். உபுண்டுவுக்காக உருவாக்கப்பட்டது அது. அதாவது, வங்கியின் பழைய பெரிய இயந்திரங்களோடு நிற்காமல், நீங்களும் நானும் தினமும் பயன்படுத்தும் லினக்ஸுக்கும் வந்துவிட்டார்கள்.

எச்சரிக்கையில் சொல்லப்பட்ட முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று: பணப் பரிவர்த்தனை அமைப்புகளை மற்றவற்றிலிருந்து தனிமைப்படுத்துங்கள். ஓரிடத்தில் நுழைந்தவன் எல்லா இடத்துக்கும் போக முடியாதபடி சுவர் எழுப்புங்கள்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை கற்றதும் இதையே. 2022 நவம்பரில் அங்கு நடந்த தாக்குதலில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நோயாளிப் பதிவிலிருந்து பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் பேப்பரில் எழுதி ஓட்டினார்கள்.

நெட்வொர்க்கில் சுவர் எழுப்புவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதே சுவரை ஒரு சர்வருக்குள்ளேயே எழுப்புவதுதான் டிஸ்க் பார்ட்டிஷன். இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம், லைசென்ஸ் கட்டணமும் கிடையாது.

பார்ட்டிஷன் என்றால் என்ன?

வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், மிளகாய்த் தூள் எல்லாம் ஒரே டப்பாவில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணம். கடுகுக் கிண்ணத்தை எவ்வளவு நிரப்பினாலும் சீரகத்தின் இடம் குறையாது.

டிஸ்க்கும் அப்படித்தான். ஒரே டிஸ்க்கை பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனிக் கோப்பு அமைப்பை வைக்கலாம். லினக்ஸ் சர்வரில் 'ஹோம்' என்ற பகுதி பயனர்களின் கோப்புகளுக்கு. 'டெம்ப்' தற்காலிகக் கோப்புகளுக்கு. 'வார்' என்பது தொடர்ந்து வளரும் தரவுக்கு. அதற்குள் இருக்கும் 'லாக்' பகுதியில் சர்வரின் நாட்குறிப்பு முழுவதும் சேரும்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் இது இருக்கிறது. இயங்குதளம் ஒரு பகுதியில், உங்கள் படங்களும் செயலித் தரவும் இன்னொரு பகுதியில். இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டுமே முடியும். சாதாரணமாக எந்தச் செயலியாலும் அதில் எழுத முடியாது. 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்தால் உங்கள் தரவு மட்டும் அழிந்து, போன் மறுபடி புதிதாக எழுந்து நிற்பது இந்தப் பிரிவினால்தான்.

இருபதாயிரம் ரூபாய் போனில் இருக்கும் ஒழுங்கு, பல லட்சம் பேரின் தரவை வைத்திருக்கும் சர்வரில் இல்லாமல் போவதுதான் வேடிக்கை.

முதல் பயன்: ஒன்று நிரம்பினால் மற்றது நிற்காது

டிஸ்க் நிரம்புவது கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும். ஜப்பானில் டொயோட்டாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

2023 ஆகஸ்ட் 29 அன்று அந்த நிறுவனத்தின் ஜப்பான் ஆலைகள் 14-ம் நின்றுபோயின. 28 உற்பத்தி வரிசைகளில் கார் எதுவும் நகரவில்லை. முதலில் எழுந்த சந்தேகம் சைபர் தாக்குதல். ஆனால் நிறுவனம் பிறகு சொன்ன காரணம்: உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் டிஸ்க்கில் இடம் போதவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது இடம் தீர்ந்து பிழை வந்தது. மாற்று சர்வர்களும் அதே அமைப்பில்தான் ஓடின. அதனால் அவையும் அதே மாதிரி விழுந்தன. அதிகக் கொள்ளளவு உள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே ஆலைகள் மறுபடி ஓடின.

இங்கே இரண்டு பாடம். இடம் தீர்ந்துபோவதே ஒரு விபத்து, அதற்கு ஹேக்கர் தேவையில்லை. இரண்டாவது, மாற்று ஏற்பாட்டையும் அதே பெட்டிக்குள் வைத்தால் அது மாற்று ஏற்பாடே இல்லை.

இப்போது ஒரு சின்ன கம்பெனியின் சர்வரைக் கற்பனை செய்யுங்கள். எல்லாம் ஒரே பார்ட்டிஷனில். ஏதோ ஒரு செயலியில் பிழை. நொடிக்கு ஆயிரம் வரி லாக் எழுதித் தள்ளுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு டிஸ்க் நூறு சதவீதம்.

அடுத்து என்ன நடக்கும்? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தன் மாற்றப் பதிவுகளை எழுத இடமில்லாவிட்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வலைத்தளம் செஷன் கோப்பு எழுத முடியாமல் பயனர்களை வெளியே தள்ளும். ஆன்-கால் டூட்டியில் இருக்கும் பையனுக்கு போன் வரும். தூக்கக் கலக்கத்தில் அவர் "இடம் வேணும்" என்று எதையோ அழிப்பார். அந்த 'எதையோ' என்பதில்தான் பெரிய விபத்துகள் தொடங்குகின்றன.

லாக் தனிப் பார்ட்டிஷனில் இருந்திருந்தால்? லாக் நிரம்பியிருக்கும், எச்சரிக்கை வந்திருக்கும். டேட்டாபேஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காலையில் காபி குடித்துவிட்டுச் சரிசெய்யலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. பெரிய பெரிய கோப்புகளை ஏற்றி டிஸ்க்கை நிரப்பினாலே சேவையை முடக்கலாம். பயனர்கள் கோப்பு ஏற்றும் இடம் தனி அறையாக இருந்தால், அந்த அறை மட்டும் நிரம்பும்.

இரண்டாவது பயன்: எந்த அறையில் என்ன செய்யலாம் என்ற விதி

பாதுகாப்பு என்று பார்த்தால் உண்மையான விஷயம் இங்கேதான். பார்ட்டிஷனைப் பிரித்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் தனி விதி போடலாம். லினக்ஸில் மூன்று விதிகள் முக்கியம்.

'நோ-எக்ஸிக்': இந்த அறையில் கோப்பு வைக்கலாம், ஆனால் அதை நிரலாக நேரடியாக ஓட்ட முடியாது.

'நோ-சூயிட்': சில நிரல்கள், யார் ஓட்டினாலும் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். கடவுச்சொல் மாற்றும் நிரல் ஓர் உதாரணம். அப்படிப்பட்ட சிறப்பு அதிகாரம் இந்த அறையில் செல்லாது.

'நோ-டெவ்': டிஸ்க், நினைவகம் போன்ற சாதனங்களை நேரடியாகத் தொடும் கோப்புகள் இங்கே வேலை செய்யாது.

இது எப்போது உதவும்? வலைச் செயலியில் ஓட்டை கண்டுபிடித்து நுழைபவருக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாதாரணக் கணக்குதான். இயங்குதளக் கோப்புகளில் அந்தக் கணக்கால் எழுத முடியாது. எங்கே எழுத முடியும்? யார் வேண்டுமானாலும் எழுதும்படி திறந்திருக்கும் டெம்ப் போன்ற இடங்களில்.

கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக சர்வர்களைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும் 'கின்சிங்' என்ற தீநிரல் பரவியபோது, பாதிக்கப்பட்ட பலர் தங்கள் டெம்ப் அடைவில்தான் அதன் கோப்பைக் கண்டார்கள். சிபியு நூறு சதவீதத்தில் கொதிக்கும். பார்த்தால் டெம்ப்பிலிருந்து ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். நோ-எக்ஸிக் விதி இருந்தால், அந்தக் கோப்பு வந்து இறங்கலாம். ஓடாது.

அதனால்தான் சிஐஎஸ் எனப்படும் இணையப் பாதுகாப்பு மையத்தின் லினக்ஸ் வழிகாட்டிகள் டெம்ப், வார், வார்-டெம்ப், வார்-லாக், தணிக்கை லாக், ஹோம் ஆகியவற்றைத் தனித்தனியாக வைக்கச் சொல்கின்றன. எதற்கு எந்த விதி என்றும் பட்டியல் போடுகின்றன. வாடிக்கையாளர் அனுப்பும் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையில் இந்த வரிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். சிவப்பு நிறத்தில்.

மூன்றாவது பயன்: தடயம் தப்பிக்கும்

திருட்டு நடந்த வீட்டில் போலீஸ் முதலில் கேட்பது சிசிடிவி பதிவு. சர்வரில் அது லாக்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நிறுவனங்கள் தங்கள் அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்; சைபர் சம்பவத்தை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், அத்துமீறலைக் கண்டறிய உதவும் லாக் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. நிறுவனங்கள் தயாராவதற்கு 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. போதுமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால், 2023 சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

விதி நல்லதுதான். ஆனால் சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு சர்வர் நாளொன்றுக்கு 2 ஜிபி லாக் எழுதுகிறது என்று வையுங்கள். 180 நாட்களுக்கு 360 ஜிபி. ஓராண்டுக்கு 730 ஜிபி. சுருக்கி வைத்தால் குறையும் என்றாலும், 100 ஜிபி டிஸ்க்கோடு எழுப்பிய சர்வருக்கு அது தாங்காது.

"லாக்கை அழிக்காதே" என்று கம்ப்ளையன்ஸ் குழு சொல்லும். டிஸ்க்கைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஒரே பார்ட்டிஷன் சர்வரில் இந்த விதியை அப்படியே அமல்படுத்தினால், பாதுகாப்புக்காக வந்த விதியே சேவையை நிறுத்திவிடும். அவசரத்தில் யாராவது லாக்கை அழித்தால், விதிமீறல். இரண்டு பக்கமும் இடி.

தணிக்கை லாக்குக்குத் தனி அறை கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. டிஸ்க் நிரம்பிய பிறகு நடப்பது எதுவும் பதிவாகாது. அதனால் குப்பை லாக்கைக் கொட்டி டிஸ்க்கை நிரப்பிவிட்டு, அதன் பிறகு வேலையைக் காட்டலாம் என்று தாக்குதல்காரர் நினைக்க வாய்ப்பிருக்கிறது. தணிக்கைப் பதிவு தனி அறையில் இருந்தால் அந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. கூடவே, லாக்கின் ஒரு பிரதியை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்புவதும் அவசியம். உள்ளே நுழைந்தவர் முதலில் அழிப்பது அந்த சர்வரில் இருக்கும் லாக்கைத்தான்.

எதையெல்லாம் இது தடுக்காது?

நிர்வாகி அதிகாரம் பெற்றவரைத் தடுக்காது. அவர் விதிகளையே மாற்றிவிடுவார்.

நோ-எக்ஸிக் அறையில் இருக்கும் பைத்தான் அல்லது ஷெல் ஸ்கிரிப்ட்டை, பைத்தானுக்கோ ஷெல்லுக்கோ உள்ளீடாகக் கொடுத்தால் அது ஓடும். டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலேயே ஓடும் தீநிரல்களும் இருக்கின்றன.

ரான்சம்வேரையும் தடுக்காது. எழுத அனுமதி உள்ள எல்லா அறைகளையும் அது பூட்டும். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைத்த பிரதி, பேக்கப் கணக்கில் வராது. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும்.

அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு? வீட்டுக்குள் கதவுகள் வைப்பது போலத்தான். வாசலில் நுழைந்த திருடனை அவை நிறுத்திவிடாது. ஆனால் அவனுடைய நேரத்தைத் தின்னும், சத்தம் எழுப்பும். தானாகவே ஓட்டை தேடி வரும் சாதாரணத் தாக்குதல்களில் பல, முதல் கதவிலேயே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அப்படியானால் ஏன் பலரும் செய்வதில்லை?

முதல் காரணம், ஆரம்ப அமைப்பே அப்படி. பல கிளவுட் படிமங்கள் ஒரே பெரிய பார்ட்டிஷனோடு வருகின்றன. யாரும் மாற்றாவிட்டால் அதுவே உற்பத்திச் சூழலுக்கும் போய்விடுகிறது.

இரண்டாவது, அளவைத் தவறாகக் கணித்துச் சூடுபட்டவர்கள் நிறைய பேர். ஹோமில் 200 ஜிபி சும்மா கிடக்கும், வார் நிரம்பி வழியும். இதற்கு எல்விஎம் என்ற வழி இருக்கிறது. அறைகளின் சுவரைப் பிறகு நகர்த்த அது உதவும். ஆரம்பத்திலேயே எல்லா இடத்தையும் பங்கு போட்டுவிடாமல், கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டால் தேவையான அறையைப் பெரிதாக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எக்ஸ்எஃப்எஸ் கோப்பு அமைப்பைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது நடைமுறையில் முடியாத காரியம். அதனால் சிறியதாகத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, சில மென்பொருட்கள் முரண்டு பிடிக்கும். சில ஜாவா நூலகங்கள் தங்கள் கோப்புகளை டெம்ப்பில் விரித்து அங்கிருந்தே ஏற்றிக்கொள்ளும். நோ-எக்ஸிக் போட்டதும் செயலி எழாது. அப்போது விதியையே எடுத்துவிடுவதுதான் வழக்கம். அதற்குப் பதில், அந்தச் செயலிக்கு மட்டும் தனித் தற்காலிக அடைவு ஒன்றைக் காட்டினால் போதும்.

நான்காவதுதான் முக்கியம்: இது யார் வேலை என்பதில் தெளிவில்லை. டெவலப்பர் 'இன்ஃப்ரா குழு பார்த்துக்கும்' என்பார். இன்ஃப்ரா குழு 'வெண்டார் கொடுத்த இமேஜ்' என்பார்கள். சிறிய கூட்டுறவு வங்கிகளும் மருத்துவமனைகளும் ஐடி வேலை முழுவதையும் வெளியே கொடுத்துவிடும்போது, இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. விஷயம் முற்றிய பிறகு மாட்டுவது என்னவோ அன்றைக்கு டூட்டியில் இருந்தவர்தான்.

உங்கள் சர்வரில் இன்றே என்ன பார்க்கலாம்?

முதலில், டிஸ்க் நிலவரத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை ஓட்டுங்கள். லாக்கும் டேட்டாபேஸும் டெம்ப்பும் ஒரே வரியில் வருகின்றனவா என்று பாருங்கள். கூடவே ஐநோடு எண்ணிக்கையையும் பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால், இடம் மிச்சமிருந்தும் "டிஸ்க் நிரம்பிவிட்டது" என்று சர்வர் சொல்லும்.

அடுத்து, டெம்ப்புக்கு அந்த மூன்று விதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் மாற்றமாக இதைச் செய்யலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை உடைத்துப் பிரிக்க வேண்டியதில்லை. கிளவுட் என்றால் புதிய வால்யூம் ஒன்றை இணைத்து, லாக்கை அதற்கு மாற்றலாம். ஆனால் நேரடியாக உற்பத்தி சர்வரில் கை வைக்காதீர்கள். எந்த அறை எங்கே என்று எழுதிவைக்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஓர் எழுத்து தவறினாலும், அடுத்த ரீபூட்டில் சர்வர் எழாமல் போகலாம். சோதனை சர்வரில் செய்து, ரீபூட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கடைசியாக, 80 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். அந்த எச்சரிக்கை யாருக்குப் போகிறது, அவர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாரா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பல இடங்களில் வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலுக்குத்தான் அது போய்க்கொண்டிருக்கும்.

இந்த வேலையைச் செய்ததற்காக யாரும் உங்களைப் பாராட்டப் போவதில்லை. டிஸ்க் நிரம்பாத இரவைப் பற்றி எந்த மீட்டிங்கிலும் பேச மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை புது சர்வர் எழுப்பும்போது, 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்துவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால், விடியற்காலை மூன்று மணிக்கு வரும் போன் ஒன்றாவது குறையும்.